போய்விட்டுத் திரும்பி வந்தவர்: குவாத்தமாலாவில் அருட்தந்தை ஸ்டான்லி ரோத்தர் கொலை குறித்த நிகழ்வு ஆய்வு

1981 ஜூலை 28, நள்ளிரவு கடந்த நேரம். குவாத்தமாலாவில் அதித்லான் ஏரிக்கரையில் உள்ள சாந்தியாகோ அதித்லான் ஊரின் பங்குத்தந்தை இல்லத்துக்குள் முகமூடி அணிந்த மூன்று பேர் நுழைந்தார்கள். அவர்கள் தேடி வந்தது 46 வயதான ஸ்டான்லி ரோத்தரை. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்திலிருந்து வந்து, அந்த ஊரில் 13 ஆண்டுகளாகப் பணியாற்றிய கத்தோலிக்கக் குரு அவர். சிறிது நேரத்தில் இரண்டு குண்டுகள் அவர் தலையில் பாய்ந்தன. அந்த ஆண்டு குவாத்தமாலாவில் கொல்லப்பட்ட பத்துக் குருக்களில் ஒருவராக அவர் பெயர் கணக்கில் சேர்ந்தது.

ரோத்தரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் ஒரு வரியை மேற்கோள் காட்டுவார்கள். "ஆபத்தின் முதல் அறிகுறியைப் பார்த்ததுமே மேய்ப்பன் ஓடிவிட முடியாது." 1980 கிறிஸ்துமஸ் காலத்தில் ஓக்லஹோமா மக்களுக்கு எழுதிய கடிதத்தில் வரும் வரி அது. ஆனால் அந்தக் கடிதம் எழுதி இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், 1981 ஜனவரி இறுதியில், அவர் ஊரை விட்டு வெளியேறினார். கொலைப் பட்டியலில் தன் பெயர் இருப்பது தெரிந்து, உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் வெளியேறினார். பக்திக் கட்டுரைகள் இந்த இடத்தை ஒரு வாக்கியத்தில் தாண்டிவிடும். எனக்கு இந்த வழக்கின் மையமே இங்கேதான் இருப்பதாகப் படுகிறது. அவர் போனார், ஓக்லஹோமாவில் பாதுகாப்பாக இருந்தார், ஏப்ரலில் திரும்பி வந்தார். அவருடைய மரணத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்பதை அந்தச் சில வாரங்கள்தான் தீர்மானிக்கின்றன.

லத்தீன் வராத குருமட மாணவர்

ரோத்தர் 1935 மார்ச் 27 அன்று ஓக்லஹோமாவின் ஓக்கார்ச்சி என்ற சிற்றூரில் பிறந்தார். ஜெர்மானிய வழிக் கத்தோலிக்கர்கள் கோதுமையும் மாடும் வைத்து வாழ்ந்த ஊர் அது. பெற்றோர் பிரான்ஸ், கெர்ட்ரூட். வீட்டில் மூத்தவர் இவர்தான். தங்கை ஒருவர் பின்னாளில் துறவற சபையில் சேர்ந்து அருட்சகோதரி மரீட்டா ஆனார். உழவும் இயந்திரம் பழுதுபார்ப்பதும் சிறுவயதிலேயே ரோத்தரின் கைக்குப் பழகிவிட்டன. குருவாகப் போகிறேன் என்று மகன் சொன்னபோது, அப்படியானால் பள்ளியில் விவசாயத்துக்குப் பதில் லத்தீன் படித்திருக்கலாமே என்று அப்பா கேட்டாராம்.

கேள்வி நியாயமானதுதான் என்பது சீக்கிரமே தெரிந்தது. டெக்சஸின் சான் அன்டோனியோ குருமடத்தில் பாடங்கள் லத்தீனில் நடந்தன. ரோத்தருக்கு அது ஏறவே இல்லை. குழாய் வேலை, தோட்ட வேலை, புத்தகம் கட்டுவது என்று குருமடத்தில் எந்த வேலைக்கும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். தேர்வில் மட்டும் தோற்றார். கடைசியில் வெளியே அனுப்பிவிட்டார்கள். ஊரில் அவருக்குப் பாடம் எடுத்த அருட்சகோதரி ஒருவர், லத்தீனில் இதேபோல் திணறிய புனித ஜான் மரிய வியான்னியை நினைவூட்டித் தேற்றினார். ஆயர் விக்டர் ரீட் இன்னொரு வாய்ப்புக் கொடுத்து, மேரிலாந்து மாநிலத்தின் எம்மிட்ஸ்பர்க்கில் இருந்த மவுன்ட் செயின்ட் மேரிஸ் குருமடத்துக்கு அனுப்பினார். 1963 மே 25 அன்று அதே ஆயர் கையால் ரோத்தர் குருப்பட்டம் பெற்றார்.

அடுத்த ஐந்து ஆண்டுகள் ஓக்லஹோமா பங்குகளில், அதாவது ஒரு குருவின் பொறுப்பில் இருக்கும் கோயில் வட்டாரங்களில், உதவிக் குருவாக இருந்தார். அதில் தனியாகச் சொல்ல எதுவும் இல்லை.

ஏரிக்கரை ஊர்

லத்தீன் அமெரிக்காவுக்குக் குருக்களை அனுப்பும்படி திருத்தந்தை 23ஆம் யோவான் வட அமெரிக்கத் திருச்சபையைக் கேட்டிருந்தார். அதை ஏற்று ஓக்லஹோமா மறைமாவட்டம் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள திருச்சபைப் பகுதி) 1964இல் சாந்தியாகோ அதித்லானில் பணித்தளம் தொடங்கியது. மூன்று எரிமலைகள் சூழ்ந்த ஏரி. அதன் கரையில் 16ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில். ஊரில் பெரும்பாலோர் மாயா இனத்தின் ஒரு பிரிவான சுதுஹில் மக்கள். ரோத்தர் 1968இல் அங்கே போய்ச் சேர்ந்தார்.

பணித்தளத்தின் தலைவர் அருட்தந்தை ரமோன் கார்லின். முன்பு எழுத்து வடிவம் இல்லாமல் இருந்த சுதுஹில் மொழிக்கு எழுத்துமுறை அமைத்து, புதிய ஏற்பாட்டை அதில் கொண்டுவரும் வேலையை அவர் தொடங்கியிருந்தார். 'அதித்லானின் குரல்' என்ற வானொலி நிலையமும் அந்தக் குழுவின் முயற்சிதான். வானொலி வழியாக எழுத்தறிவு, கணக்கு, உடல்நலம் பற்றிய பாடங்கள் வீடுகளுக்குப் போயின. ஊரை ஒட்டிய பானபாஹ் பகுதியில் ஒரு சிறிய மருத்துவமனை எழுந்தது. நெசவுப் பெண்களுக்குக் கூட்டுறவுச் சங்கம் வந்தது. ரோத்தர் தனக்குத் தெரிந்த வேலையை எடுத்துக்கொண்டார். டிராக்டரும் புல்டோசரும் ஓட்டி நிலம் திருத்தினார். பண்ணையில் புதிய பயிர்களைப் போட்டுப் பார்த்தார்.

லத்தீனில் தோற்ற இவர் ஸ்பானிய மொழியையும் சுதுஹில் மொழியையும் கற்றார். 1973 வாக்கில் சுதுஹிலிலேயே திருப்பலி நிறைவேற்றி மறையுரை ஆற்றினார். படித்த ஸ்பானியர் வழி மக்களே கற்க விரும்பாத மொழி அது. வகுப்பறையில் முடியாதது ஊருக்குள் முடிந்ததற்கு, அவர் மக்கள் வீட்டில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, வயலில் அவர்களோடு நின்று பேசியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஸ்டான்லி என்ற பெயருக்கு அங்கே வழக்கில் இணை இல்லாததால், நடுப்பெயரான பிரான்சிஸை எடுத்து 'பாத்ரே அப்லாஸ்' என்று கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு இடங்களில் ஐந்து திருப்பலிகள், ஆண்டுக்கு ஆயிரம் வரை திருமுழுக்குகள் என்று வேலை பெருகியது. உடன் வந்த ஓக்லஹோமா குழுவினர் ஒவ்வொருவராகத் திரும்பிவிட, 1975 வாக்கில் அந்தக் குழுவில் அவர் மட்டுமே மிஞ்சினார்.

போர் ஊருக்குள் வந்த விதம்

இங்கே நாட்டின் நிலையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1952இல் அதிபர் அர்பென்ஸ் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தார். 1954இல் அமெரிக்க உளவு நிறுவனத்தின் துணையோடு அவர் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. பகிர்ந்த நிலங்கள் பழைய உடைமையாளர்களிடமே போயின. 1979 வேளாண் கணக்கெடுப்பு எடுத்தபோது, மொத்தப் பண்ணைகளில் இரண்டரை சதவீதமே இருந்த பெரிய பண்ணைகளின் கையில் சுமார் 65 சதவீத நிலம் இருந்தது. 1960இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1996 டிசம்பர் 29 அன்றுதான் உடன்பாட்டில் முடிந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் இரண்டு லட்சத்துக்கு மேல். ஐ.நா. துணையோடு அமைந்த உண்மை ஆணையம் 1999இல் அறிக்கை கொடுத்தது. பதிவான மீறல்களில் 93 சதவீதத்துக்கு அரசுப் படைகளும் அவற்றைச் சார்ந்த துணைப்படைகளும் பொறுப்பு. அடையாளம் தெரிந்த பலியானவர்களில் 83 சதவீதம் பேர் மாயா மக்கள்.

1978இல் தளபதி லூக்கஸ் கார்சியா அதிபரான பிறகு கிராமப்புறத் திருச்சபையே நேரடி இலக்கானது. ராணுவத்தின் கணக்கு எளிமையானது. எழுத்தறிவு பெற்ற விவசாயி சங்கம் அமைப்பான், சங்கம் அமைப்பவன் நிலம் கேட்பான், நிலம் கேட்பவன் கெரில்லாவுக்குத் துணை போவான். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியாக அவர்கள் கண்டது வேதியர்களை, அதாவது ஊர் ஊராகப் போய் ஞான உபதேசம் சொல்லிக்கொடுத்த சாதாரண விவசாயிகளை. பக்கத்துக் கிச்சே மறைமாவட்டத்தில் 1980 ஜூன், ஜூலை மாதங்களில் இரண்டு ஸ்பானியக் குருக்கள் கொல்லப்பட்டார்கள். ஆயர் ஹுவான் ஹெரார்தி மறைமாவட்டத்தையே மூடிவிட்டு எல்லாரையும் வெளியே கொண்டுபோக வேண்டிய நிலை.

அதித்லான் எரிமலைச் சரிவுகளில் 'ஓர்ப்பா' என்ற ஆயுதக் குழு இயங்கியது உண்மை. அதைக் காரணம் காட்டி 1980 அக்டோபரில் ராணுவம் வந்து சாந்தியாகோ அதித்லானில் பங்கின் பண்ணை நிலத்திலேயே முகாம் போட்டது. ரோத்தர் புல்டோசர் ஓட்டித் திருத்திய நிலம் அது. வந்த சில நாட்களிலேயே வானொலி நிலைய இயக்குநர் காஸ்பார் குலான் கடத்திக் கொல்லப்பட்டார். எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஒரு நிலையம், படைகள் வந்ததும் முதலில் அடி வாங்கிய இடமாக இருந்தது. கொன்றவர்கள் எதைப் பார்த்துப் பயந்தார்கள் என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவையில்லை.

அப்புறம் ஊர் இரவில் தூங்க முடியாத ஊரானது. மக்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கோயிலுக்குள் வந்து படுத்தார்கள். ரோத்தர் கதவைத் திறந்து வைத்தார். காணாமல் போனவர்களின் மனைவிகளுக்கும் பிள்ளைகளுக்கும் பங்குப் பணத்திலிருந்து உதவினார். சாலையோரங்களில் வீசப்பட்ட உடல்களைத் தேடிப்போய், ஊருக்குக் கொண்டுவந்து முறைப்படி அடக்கம் செய்தார். அரசியல் மேடை எதிலும் அவர் ஏறவில்லை, துப்பாக்கி ஏந்தியவர்களுக்கு ஆதரவாகப் பேசவும் இல்லை. ஆனால் ராணுவம் கொன்று வீசிய உடலை எடுத்து அடக்கம் செய்வதே அந்த நாட்களில் ராணுவத்தை எதிர்ப்பதாக எண்ணப்பட்டது.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை

1980 செப்டம்பரில், ராணுவம் வரும் முன்பே, அவர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. நாங்கள் ஆபத்தில் இருக்கிறோம், இப்போதைக்குக் கிளம்பும் எண்ணம் இல்லை, நேரடி மிரட்டல் வந்தாலோ போகச் சொன்னாலோ போவேன் என்று எழுதுகிறார். தன் உயிரை இங்கே கொடுக்க வேண்டும் என்பதுதான் விதி என்றால் அப்படியே ஆகட்டும் என்பதும் அதே கடிதத்தில்தான் வருகிறது. இந்த மக்களைக் கைவிட விருப்பமில்லை என்கிறார்; இங்கே செய்யக்கூடிய நன்மை இன்னும் நிறைய இருக்கிறது என்கிறார். சாகத் துடிக்கும் மனிதரின் எழுத்தாக இது எனக்குத் தோன்றவில்லை. எப்போது போவது, எப்போது இருப்பது என்று முன்கூட்டியே யோசித்து வைத்த விவசாயியின் எழுத்து.

1981 ஜனவரி 3 அன்று நடந்தது அவரை அசைத்துவிட்டது. வேதியர் டியேகோ கிக் கொலைப் பட்டியலில் இருந்ததால், இரவு தங்குவதற்குப் பங்குத்தந்தை இல்லத்துக்கு வருவார். அன்று வாசலுக்குச் சில அடி தூரத்தில் ஆயுதம் ஏந்திய ஆட்கள் அவரைப் பிடித்தார்கள். அவர் கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டு உதவி கேட்டுக் கத்தினார். சத்தம் கேட்டு வந்த ரோத்தர், இறங்கிப் போய்த் தடுக்கலாமா என்று யோசித்து, போனால் தன்னையும் கொன்றுவிடுவார்கள் அல்லது தூக்கிப்போவார்கள் என்று புரிந்து நின்றுவிட்டார். காரில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். டியேகோவுக்கு மனைவியும் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். நாங்கள் பழகி நேசித்த ஒருவர் கடத்தப்படுவதைக் கண்ணால் பார்த்தும் எதுவும் செய்ய முடியவில்லை, வாயைப் பொத்திய நிலையில் அவர் எழுப்பிய ஓலம் இன்னும் காதில் கேட்கிறது என்று ஓரிரு நாளில் கடிதம் எழுதினார் ரோத்தர். அன்று தான் ஏன் நின்றுவிட்டேன் என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்காகவே அவர் கடிதங்களை நம்பிப் படிக்க முடிகிறது.

அதே மாதம் அருகிலிருந்த காப்பித் தோட்டத்தில் 17 பேரை ராணுவம் கொன்றது. சில நாட்களில் ரோத்தரின் பெயரும் பட்டியலில் இருப்பதாக நம்பகமான செய்தி வந்தது. உதவிக் குருவாக இருந்த கக்சிக்கேல் இனத்தவரான பெத்ரோ போசெலின் உயிருக்கும் ஆபத்து இருந்தது. வெளிநாட்டுக் குருவைக் கொன்றால் தூதரகம் கேள்வி கேட்கும். உள்ளூர்ப் பழங்குடிக் குருவைக் கொன்றால் கேட்க நாதியில்லை. இருவரும் மறைந்து தலைநகர் போய், ஜனவரி இறுதியில் ஓக்லஹோமா வந்தார்கள். செப்டம்பர் கடிதத்தில் தானே வகுத்த விதியைத்தான் ரோத்தர் பின்பற்றினார். அதைக் கோழைத்தனம் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஓக்லஹோமாவில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பங்கு மக்களைப் பற்றியே பேசினார். எட்மண்ட் நகரில் ஒரு ஞாயிறு திருப்பலியில் குவாத்தமாலாவின் நிலைமையைச் சொன்னார். அதைக் கேட்ட ஒருவர், இந்தக் குரு குவாத்தமாலா அரசைக் கவிழ்க்கப் பேசுகிறார் என்று அந்நாட்டுத் தூதரகத்துக்கு எழுதிப் போட்டார். அந்தக் கடிதத்துக்கும் கொலைக்கும் தொடர்பு இருந்ததா என்று யாரும் நிரூபிக்கவில்லை. தன் சொந்த மாநிலத்திலேயே, சொந்தத் திருச்சபைக்குள்ளேயே இப்படி ஒரு கடிதம் எழுதப்பட்டது என்பதே மனத்தை அறுக்கிறது.

குடும்பத்தார் போகாதே என்றார்கள். போனால் கொன்றுவிடுவார்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். பேராயர் சார்லஸ் சலாட்கா தயங்கியபடியே அனுமதி கொடுத்தார். குருத்தோலை ஞாயிறுக்குச் சற்று முன்பு, புனித வாரத் திருச்சடங்குகளுக்காக ரோத்தர் சாந்தியாகோ அதித்லானில் இறங்கினார். 1981இல் உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) ஏப்ரல் 19. அந்த ஊருக்குப் புனித வாரம் ஆண்டின் பெரிய திருவிழா. சிலுவைப் பாதையும் பவனியுமாக ஊர் முழுக்க வெளியே வரும் நாட்களில் பங்குத்தந்தை இல்லாமல் இருப்பதை அவரால் ஏற்க முடியவில்லை. மே மாதத்தில் உறவினர் ஒருவரின் குருப்பட்ட விழாவுக்காக இன்னொரு முறை ஓக்லஹோமா போனார். அப்போதும் அங்கேயே தங்கிவிட வாய்ப்பு இருந்தது. மீண்டும் திரும்பினார்.

இதனால்தான் கிறிஸ்துமஸ் கடிதத்தின் அந்தப் புகழ்பெற்ற வரியைவிட இந்தப் பயணங்களையே பெரிய சான்றாக எடுத்துக்கொள்கிறேன். ஆபத்து சூழ்ந்திருக்கும்போது நின்றுவிடுவதில் சூழ்நிலையின் கட்டாயமும் இருக்கும், பழக்கமும் இருக்கும், அந்த நேரத்து உணர்ச்சியும் இருக்கும். பாதுகாப்பான வீட்டில் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்து, அம்மா கை உணவைச் சாப்பிட்டு, எல்லா ஆலோசனையும் கேட்டபின் பயணச்சீட்டு எடுப்பவரிடம் அந்தச் சாக்குகள் எதுவும் இல்லை.

ஜூலை 28 இரவு

ஜூலை 25 ஊரின் பாதுகாவலர் புனித யாக்கோபின் திருவிழா. அது அமைதியாகவே முடிந்தது. திரும்பி வந்ததிலிருந்து ரோத்தர் தன் வழக்கமான படுக்கையறையை விட்டு, கீழ்த்தளத்தில் வேறொரு அறையில் படுத்துவந்தார். என்னை உயிரோடு கொண்டுபோக விடமாட்டேன் என்று நெருங்கியவர்களிடம் சொல்லியிருந்தார். கடத்தப்பட்டவர்கள் என்ன ஆவார்கள் என்று அவர் பார்த்திருந்தார். சித்திரவதையில் வேதியர்களின் பெயர்கள் தன் வாயிலிருந்து வந்துவிடுமோ என்பதுதான் அவருடைய பெரிய அச்சம்.

வந்த மூவரும் வீட்டில் இருந்த ஓர் இளைஞரைத் துப்பாக்கி முனையில் பிடித்து, குரு எங்கே என்று காட்டச் சொன்னார்கள். அவர் அறைக் கதவருகே போய், உங்களைத் தேடுகிறார்கள் என்று குரல் கொடுத்தார். திறக்காவிட்டால் அந்த இளைஞரைக் கொன்றுவிடுவார்கள் என்பது தெரிந்த ரோத்தர் கதவைத் திறந்தார். உள்ளே கைகலப்பு நடந்தது. இங்கேயே கொல்லுங்கள் என்று ரோத்தர் சொன்னது வெளியே கேட்டது. பிறகு வெடிச் சத்தம். விடிந்து பார்த்தபோது கைமுட்டிகளில் தோல் உரிந்திருந்தது.

சத்தம் போட்டு யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை அவர். கூப்பிட்டிருந்தால் வளாகத்தில் தூங்கிக்கொண்டிருந்த அருட்சகோதரிகளும் மற்றவர்களும் ஓடிவந்திருப்பார்கள், அவர்களும் செத்திருப்பார்கள்.

காலையில் ஊர் மக்கள் கோயில் முற்றத்தில் கூடினார்கள். உடலை ஓக்லஹோமாவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று குடும்பம் கேட்டது. எங்கள் பாத்ரேயை எங்களிடமே விடுங்கள் என்று சுதுஹில் மக்கள் கேட்டார்கள். இருவருக்கும் பொதுவாக ஒரு முடிவு எடுத்தார்கள். இதயத்தை எடுத்துக் கோயிலில் வைத்தார்கள். உடல் ஆகஸ்ட் 3 அன்று ஓக்கார்ச்சியில் அடக்கமானது.

நடக்காத விசாரணை

அரசின் விளக்கம் கொள்ளை முயற்சி. சில வாரங்களில் உள்ளூர்க்காரர்கள் மூவரைக் கைது செய்தார்கள். திருட வந்தோம், குரு தடுத்தார், சுட்டோம் என்று ஒப்புக்கொண்டதாகப் பதிவு. நடந்ததை அறிந்த பலர் அதை நம்பவில்லை. துணைப்படையினரை மறைக்க ஏழைகள் மூவரைப் பலியாக்குகிறார்கள் என்றே சொன்னார்கள். அமெரிக்கத் தரப்பின் அழுத்தத்துக்குப் பிறகு மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனைகளை ரத்து செய்தது. உண்மையில் சுட்டது யார், அனுப்பியது யார் என்பதற்கு எந்த நீதிமன்றமும் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

அமெரிக்காவின் பங்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மனித உரிமை மீறல்களால் 1977இல் நின்றுபோன ராணுவ உதவி, ரேகன் ஆட்சியில் வேறு வழியில் திரும்பத் தொடங்கியது. 1981 ஜூனில் 32 லட்சம் டாலர் மதிப்புள்ள ராணுவ லாரிகளையும் ஜீப்புகளையும் குவாத்தமாலாவுக்கு விற்க அனுமதி கிடைத்தது. அடுத்த மாதம் ஓக்லஹோமா குடிமகன் ஒருவர் அங்கே கொல்லப்பட்டார். 1999 மார்ச்சில் குவாத்தமாலா வந்த அதிபர் கிளின்டன், அடக்குமுறைப் படைகளுக்கு அமெரிக்கா கொடுத்த ஆதரவு தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார்.

மறைசாட்சியா, அரசியல் பலியா?

திருச்சபைச் சட்டத்தின்படி ஒருவரை மறைசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர், என்று அறிவிக்க மூன்று தேவை: வன்முறையான மரணம், கொன்றவர்களிடம் விசுவாசத்தின் மீது வெறுப்பு, இறந்தவர் அந்த மரணத்தை ஏற்றுக்கொண்ட மனம். முதலாவதில் பிரச்சினை இல்லை. இரண்டாவதில்தான் லத்தீன் அமெரிக்க வழக்குகள் எல்லாம் சிக்கின. கொன்றவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். லூக்கஸ் கார்சியா ஆட்சி தன்னைக் கிறிஸ்தவ நாகரிகத்தின் காவலனாகவே காட்டிக்கொண்டது. இது அரசியல் கொலை, விசுவாசத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி ரோமையில் பல ஆண்டுகள் நின்றது. எல் சால்வதோரின் பேராயர் ரொமேரோ 1980இல் பலிபீடத்திலேயே சுடப்பட்டும், அவர் மறைசாட்சி என்று திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்றது 2015இல்தான்.

ரோத்தர் வழக்கில் வெறுப்புக்கான சான்று அந்த ஓர் இரவில் இல்லை, அதற்கு முந்தைய ஒன்பது மாதங்களில் இருக்கிறது. வானொலி இயக்குநர், வேதியர், பங்குத்தந்தை என்று வரிசையாக விழுந்தவர்களைப் பாருங்கள். பங்கு செய்த ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆள் பலியானார். கொன்றவர்கள் விசுவாச அறிக்கையை வெறுக்கவில்லை என்பது சரி. ஆனால் அந்த விசுவாசம் ஒரு சுதுஹில் விவசாயியை எழுந்து நிற்க வைத்ததை வெறுத்தார்கள். நற்செய்தியை அதன் விளைவுகளிலிருந்து பிரித்து, விளைவைத்தான் வெறுத்தோம் என்று வாதிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

மூன்றாவதில் வேறொரு தடை. அவர் கையால் அடித்துப் போராடினாரே, மறைசாட்சி அப்படிச் செய்யலாமா? ஆட்டுக்குட்டி போல அமைதியாகத் தலை கொடுப்பவரே மறைசாட்சி என்ற படம் நம் மனத்தில் பதிந்திருக்கிறது. ரோத்தர் போராடியது கடத்தலுக்கு எதிராக. உயிரைக் காக்க நினைத்திருந்தால் கத்தியிருப்பார், கதவைத் திறந்திருக்க மாட்டார், அதற்கெல்லாம் முன்னால் ஓக்லஹோமாவை விட்டே கிளம்பியிருக்க மாட்டார். மரணத்தை ஏற்றுக்கொண்டார், சித்திரவதையில் மற்றவர்களைக் காட்டிக்கொடுக்கும் நிலைக்குத் தள்ளப்படுவதை ஏற்க மறுத்தார். இரண்டும் ஒரே முடிவின் இரண்டு பகுதிகள் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

குவாத்தமாலா ஆயர்கள் போர்க்காலத்து மறைசாட்சிகளாக 78 பேரின் பட்டியலைத் தயாரித்தபோது ரோத்தர் பெயரும் அதில் இருந்தது. வழக்கமாக இறந்த இடத்து மறைமாவட்டமே விசாரணையைத் தொடங்க வேண்டும். சாந்தியாகோ அதித்லான் அடங்கிய சொலோலா மறைமாவட்டம் அந்த உரிமையை ஓக்லஹோமா நகர் உயர்மறைமாவட்டத்துக்கு விட்டுக்கொடுத்தது. 2007இல் தொடங்கிய உள்ளூர் விசாரணை 2010இல் முடிந்தது. 2016 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர் மறைசாட்சியம் அடைந்ததை ஏற்றார். அமெரிக்க மண்ணில் பிறந்தவர்களில் அப்படி ஏற்கப்பட்ட முதல் ஆள் ரோத்தர். 2017 செப்டம்பர் 23 அன்று ஓக்லஹோமா நகரில் கர்தினால் ஆஞ்சலோ அமாத்தோ தலைமையில் நடந்த, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்ட விழாவுக்குச் சுமார் 20,000 பேர் வந்தார்கள். 2023 பிப்ரவரியில் அதே நகரில் இரண்டாயிரம் பேர் அமரக்கூடிய திருத்தலம் அர்ச்சிக்கப்பட்டது. அவர் உடல் இப்போது அங்கே இருக்கிறது.

ஊரின் கணக்கு

ரோத்தர் இறந்த பிறகும் ராணுவ முகாம் அங்கேயே இருந்தது. கடத்தல்களும் கொலைகளும் இன்னும் ஒன்பது ஆண்டுகள் நீடித்தன. 1990 டிசம்பர் 1 இரவு, குடித்திருந்த படைவீரர்களின் அத்துமீறலைத் தட்டிக்கேட்க மக்கள் கோயில் மணியை அடித்துக் கூடினார்கள். ஆயிரக்கணக்கானோர் வெள்ளைக் கொடியோடு, ஆயுதம் இல்லாமல், பானபாஹ் முகாமுக்கு நடந்தார்கள். டிசம்பர் 2 அதிகாலையில் ராணுவம் கூட்டத்தின் மீது சுட்டது. சிறுவர்கள் உட்படப் பத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால் ஊர் கலையவில்லை. முகாம் வெளியேற வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டும் கைரேகை வைத்தும் மனு கொடுத்தார்கள். அதிபர் செரேசோ அதே மாதம் முகாமை அகற்ற உத்தரவிட்டார். போர் நடந்துகொண்டிருக்கும்போதே ராணுவத்தை வெளியேற்றிய ஊர் என்ற பெயர் சாந்தியாகோ அதித்லானுக்கு வந்தது இப்படித்தான். இதை ரோத்தரின் சாதனையாக எழுதும் பழக்கம் சிலருக்கு உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. செய்தவர்கள் சுதுஹில் மக்கள், விலை கொடுத்தவர்களும் அவர்களே. பத்தாண்டுக்கு முன் உடல்களைத் தேடி எடுத்து அடக்கம் செய்த ஒரு பங்குச் சமூகம் அவர்களிடம் இருந்தது என்பது வரை சொல்லலாம்.

ரோத்தருக்குக் கிடைத்த கவனத்தில் அவருடைய அமெரிக்கக் கடவுச்சீட்டுக்கும் பங்கு உண்டு. அவர் கடிதங்களைச் செய்தித்தாள்கள் வெளியிட்டன, அவருக்காகத் தூதரகம் பேசியது, அவர் மறைமாவட்டத்தால் விசாரணைச் செலவைத் தாங்க முடிந்தது. டியேகோ கிக்கின் பெயர் வெளியுலகுக்குத் தெரிவதே ரோத்தர் எழுதியதால்தான். இந்த வித்தியாசம் ரோத்தரின் குற்றம் அல்ல. அதைச் சரிசெய்யும் வழியும் இப்போது திறந்திருக்கிறது. 2021 ஏப்ரல் 23 அன்று கிச்சே மறைமாவட்டத்தின் மறைசாட்சிகள் பத்துப் பேர் அருளாளர்களாக அறிவிக்கப்பட்டார்கள். மூவர் குருக்கள். மற்ற ஏழு பேரும் பொதுநிலையினர். அவர்களில் ஹுவான் பரேரா மெந்தெஸ் என்ற 12 வயதுச் சிறுவனும் ஒருவன். குருப்பட்டமும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டும் இல்லாத மாயா விவசாயிகளின் மரணத்தையும் ரோமை அதே மூன்று அளவுகோல்களால் அளந்து மறைசாட்சியம் என்று ஏற்றிருக்கிறது. காஸ்பார் குலானையும், கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டு கத்திய டியேகோ கிக்கையும் அதே அளவுகோல்களால் விசாரிக்க வேண்டும். அதற்கு வேண்டிய முதல் சாட்சியம், வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்த பங்குத்தந்தையின் கையெழுத்தில், 1981 ஜனவரி தேதியிட்டு, ஏற்கெனவே இருக்கிறது.